காலிக் கோப்புறைகளும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும்

வடமலைச்சேரியில் முதலில் மறைந்தது பலவேசத்தின் வீட்டுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவே கிடந்த காலி மனை. அது மறைந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊர் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே வந்தவர்கள், பலவேசத்தின் தெற்குச் சுவரும் ரேஷன் கடையின் வடக்குச் சுவரும் ஒரே கருவில் பிறந்தவை போல ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஒரு நிமிஷம் நின்று, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். மனையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மட்டும் ரேஷன் கடையின் கூரைமேல் நின்று கத்தியது. அதை இறக்க ஏணி கொண்டுவந்தவர்கள்கூட ஏணி யாருடையது, போன தடவை அதை இரவல் வாங்கியவன் ஏன் ஒரு படியை உடைத்துத் திருப்பிக் கொடுத்தான் என்பதைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, மனையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தென்காசி பஸ் அந்த மனையில்தான் திரும்பும். சாயங்காலம் வந்த டிரைவர் திரும்ப இடமில்லை என்று கண்டதும், வந்தபடியே பின்பக்கமாகத் தென்காசிவரை போனார். மறுநாளும் அப்படியே போனார். ஒரு வாரத்துக்குள் பயணிகள் எதிர்ப்பக்கம் பார்த்து உட்காரப் பழகி, பின்னால் போகும் பஸ்ஸில் வயிற்றைக் குமட்டுவதில்லை என்று கண்டுபிடித்து, முன்னால் போகும் பஸ்களை ஒரு மாதிரி இளப்பமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த மனையில் ஒரு காலத்தில் வீடு இருந்தது, வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது, வெளியூர் போகும்போது சாவியைப் பலவேசத்திடம் கொடுத்துவிட்டுப் போனது. சாவி இப்போதும் பலவேசத்தின் வீட்டு ஆணியில் தொங்கியது. அது யார் கொடுத்த சாவி என்பது மட்டும் அவருக்கும் மறந்துபோனது, அவர் மனைவிக்கும் மறந்துபோனது, கேட்ட எல்லோருக்கும் மறந்துபோனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க யாரும் பெரிதாகச் சிரமப்படவில்லை. மேலத்தெருவில் பிரம்மநாயகம் என்று ஒருவர் இருந்தார். பேரூராட்சி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் வருவதற்கு முன்னாலேயே அதற்குக் கோப்பைத் திறந்து, பெயர் எழுதி, நாடா கட்டி வைத்துவிட வேண்டும், விஷயம் பின்னால் தானாக வந்து சேரும் என்பது அவர் உத்தியோகம் கற்ற முறை. ஓய்வு பெற்றபின் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே முறைப்படி ‘ஆராய்ச்சி’ என்று ஒரு கோப்புறை, ‘இனிமேல்’ என்று ஒன்று, ‘உடற்பயிற்சி’ என்று ஒன்று, ‘தோட்டம்’ என்று ஒன்று, ‘பிறகு பார்க்க’ என்று ஒன்று, பெயர் தோன்றாத நாட்களில் கம்ப்யூட்டரே வைத்த ‘புதிய கோப்புறை’ என்ற பெயரில் ஒரு பெரும்படை என்று திறந்து வைத்திருந்தார். எழுத்தில் கோப்புறை, வாயில் ஃபோல்டர். இரண்டு பெயராலும் அழைத்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.

“அரிசி வெந்துரும், உங்க கம்ப்யூட்டர் கண்ணு முழிக்காது” என்று அவர் மனைவி கோமதி சொல்லிச் சொல்லிக் காட்டவே, பக்கத்து வீட்டு வேலாயுதத்தைக் கூப்பிட்டார். அவன் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான்.

“அண்ணாச்சி, உள்ள சரக்கே இல்ல. பூரா வெறும் டப்பா” என்றான் வேலாயுதம். “நான் ஒரு புரோகிராம் போட்டுத் தாரேன். வெள்ளிக்கு வெள்ளி உச்சிகாலத்துக்கு அதுவா முழிச்சு, காலியா கிடக்கதத் தேடிப் பிடிச்சு அழிச்சிரும். ஒரு ஃபோல்டருக்குள்ள இன்னொரு காலி ஃபோல்டர் மட்டும் இருந்தா அதையும் காலின்னுதான் கணக்கு வச்சுக்கிடும். அதை ஏமாத்த முடியாது.”

“கேக்காமயா அழிக்கும்?”

“கேக்கச் சொன்னா கேக்கும். ஒவ்வொண்ணுக்கும் ‘அழிக்கட்டுமா, அழிக்கட்டுமா’ன்னு புதுப் பொண்ணு மாதிரி கேட்டுக்கிட்டே நிக்கும். உங்களுக்குப் பொறுமை உண்டா?”

பிரம்மநாயகம் ‘கேட்காதே’ என்பதில் குறி போட்டார். கம்ப்யூட்டர் பழசு, கொஞ்சம் அழித்ததும் சூடேறி மூச்சு வாங்கும், மிச்சத்தை அடுத்த வெள்ளிக்கு வைத்துக்கொள்ளும். அது அழித்த வரிசை அகர வரிசை. இலக்கணம் படித்த எவரும் குறை சொல்ல முடியாதபடி உயிரெழுத்துகளை முதலில் முடித்து, பிறகு மெய்யில் கை வைத்தது. ‘ஆராய்ச்சி’ போன நிமிஷம் மனை போனது. ‘இனிமேல்’ போன நிமிஷம் கீழத்தெருவில் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அகலத்தில் கிடந்த முடுக்கு போனது. அந்த முடுக்குக்காக இருவரும் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு இருந்தது, வழக்குச் சொத்து இல்லை என்றானதும், இருவரும் ஒட்டிப்போன சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காது வைத்துக் கேட்டார்கள், ஒருவர் குறட்டை மற்றவருக்குக் கேட்டது, அந்த ஆவணியிலேயே அண்ணன் பெண்ணின் சடங்குக்குத் தம்பி வீட்டிலிருந்து சீர் வந்தது.

கோமதி தெருக்குழாயடியில் ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப்பின் வெள்ளிக்கிழமைகளில் பிரம்மநாயகத்தின் கூடத்தில் ஆள் உட்கார இடம் போதவில்லை.

ஆனால் புரோகிராம் மனையோடும் முடுக்கோடும் நிற்கவில்லை. காலி என்றால் அதற்கு எல்லாம் காலிதான். ஒரு வெள்ளியன்று உளுந்து வடையின் ஓட்டை போனது. மாவை இலையில் தட்டி விரலால் எவ்வளவு அழுத்தினாலும் எண்ணெயில் விழுந்ததும் மூடிக்கொண்டது. டீக்கடைக்காரர் ஓட்டை இல்லாத வடைக்குப் போண்டா என்று பெயர் வைத்து விற்றார், போண்டாவுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஊர் இரண்டு நாள் விவாதித்தது. அடுத்த வெள்ளியன்று கோயில் மணியின் உள்கூடு போனது. காலையிலேயே பூசாரி மணிக்கயிற்றின் முன்னால் நின்று, இதை எதற்கு இங்கே கட்டியிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். மத்தியானம் மணி முழுக் கட்டி வெண்கலமாகிவிட்டது; நாக்கு அதற்குள்ளேயே புதைந்துபோனது; வெளியிலிருந்து கட்டையால் அடித்தால் ‘டொக்’ என்றது. மறதி, புரோகிராமுக்கு ஒரு நடை முன்னால் நடந்து வருகிறது என்பதை அன்றைக்கு ஊர் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டு, ‘டொக்’ சத்தத்துக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளப் பழகியது.

பாத்திரங்களில் கை வைத்தபோதுதான் பெண்கள் விழித்தார்கள். பலவேசத்தின் மனைவி ஆவுடையம்மாளின் பித்தளைக் குடம், கவிழ்த்து வைத்தது கவிழ்த்தபடியே உள்ளும் பித்தளையாகிவிட்டது. அதை நகர்த்தப் போன பலவேசம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆனால் அதே வெள்ளியன்று, அதே தெருவில், கோமதியின் அடுக்களை மேடைமேல் ஆவுடையம்மாளுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக இருந்த குழம்புக் கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் கோமதி ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டு வைத்திருந்தாள். யார் வீட்டிலிருந்து பாத்திரம் வந்தாலும் வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது, ஒரு துளி சர்க்கரையாவது நாலு அரிசியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வெறும் பாத்திரம் திரும்பினால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

வழியைக் கண்டுகொண்டதும் ஊர் நிம்மதியானது. காலி குடத்தில் உப்புக்கல், காலி தொட்டிலில் வேப்பிலை, பள்ளிக்கூடத்தின் காலி வகுப்பில் ஒரு சாக்பீஸ், நூலகத்தின் காலி அலமாரியில் வீட்டில் யாரும் படிக்காத புத்தகம் என்று வியாழக்கிழமைதோறும் எல்லோரும் போட்டு வைத்தார்கள். தலைக்குள் என்ன போடுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் எவருக்கும் அப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை.

பிரம்மநாயகத்துக்கு நிம்மதி வரவில்லை. அவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. கம்ப்யூட்டரில், ‘புதிய கோப்புறை’ப் படை முடியும் இடத்தில், பகரம் தீர்ந்து மகரம் தொடங்கும் முதல் வரியில், ‘மதிவதனி’ என்று ஒரு கோப்புறை காலியாக இருந்தது.

மதிவதனி அவர்களுடைய ஒரே மகள், மாடி அறை அவளுடையது. ஓசூரில் வேலை பார்த்தாள், உடன் வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள், அவன் வேறு சாதி. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அன்றைக்கு அவள் பெயரிலிருந்த கோப்புறையைத் திறந்து, பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டிலிருந்து பட்டமளிப்புப் போட்டோ வரை ஒவ்வொன்றாக அழித்தார்; கோப்புறையை மட்டும் அழிக்கவில்லை; ஏன் என்று கேட்டிருந்தால் அதற்கு விதி ஒன்று சொல்லியிருப்பார். தலைதீபாவளிக்கு அவர் கூப்பிடாமல் போகவே, அவளே தன் கையால் அதிரசமும் முறுக்கும் சுட்டு, மூன்றடுக்கு டிபன் கேரியரில் வைத்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். கோமதி அந்த நேரம் சங்கரன்கோவிலில் தங்கை வீட்டில் இருந்தாள். பிரம்மநாயகம் அதிரசத்தைத் தின்றார், முறுக்கைத் தின்றார், கேரியரைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்து, அடுக்கி, கொண்டி மாட்டி, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். வெறும் கேரியராக.

அதற்குப்பின் அம்மாவிடம் மட்டும் எப்போதாவது பேசுவாள். அப்பா என்ற சொல் அந்தப் பேச்சில் வராது. மறந்து அனுப்பினாரா, மனசறிந்து அனுப்பினாரா என்று கோமதி ஒரு தடவை கேட்டாள். “பாத்திரத்தைச் சுத்தமாத்தானே அனுப்பினேன்” என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை.

‘புதிய கோப்புறை’கள் வாரத்துக்கு வாரம் குறைந்து வந்தபோது அவர் கையில் உள்ளதையெல்லாம் செய்து பார்த்தார். மாடி அறையில் நாற்காலி போட்டார். காலையில் நாற்காலி கூடத்தில் இருந்தது. டிரங்குப் பெட்டி வைத்தார். பெட்டி கட்டிலடியில் திரும்பி வந்து கிடந்தது. சர்க்கரை போட்டார், ஒரு மணி நேரத்தில் சர்க்கரை டப்பாவில் அதே சர்க்கரை அதே தூசியோடு இருந்தது. கோப்புறைக்குள் பென்ஷன் ஆணையை நகல் எடுத்துப் போட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது பழைய இடத்துக்கே போய் நின்றது. பெயரை ‘ஹ’ என்று தொடங்கும்படி மாற்றி வரிசையின் கடைசிக்குத் தள்ளப் பார்த்தார். அடித்து முடிப்பதற்குள் ‘மதிவதனி’ என்றே இருந்தது.

“நீங்க வெளியில இருந்து எதைக் கொண்டாந்து போட்டாலும் நிக்காது” என்றாள் கோமதி.

“நீயாவது போட்டுப் பாரேன்.”

“நான் என்னத்தப் போட? அது உங்க கையால காலியானது. உங்க கையாலதான் நெறையணும். ஒரு போன் பண்ணுங்க.”

“நான் என்னன்னு பேச?”

“பேரூராட்சியில அவ்வளவு கடுதாசி எழுதுனீகளே, ஒரு வார்த்தை வராதா?”

அவர் போன் பண்ணவில்லை. வேலாயுதத்தைக் கூப்பிட்டு, புரோகிராமையே எடுத்துவிடச் சொன்னார். வேலாயுதம் மவுசைத் தொடுவதற்குள் செய்தி குழாயடிக்குப் போய், பலவேசம் இடுப்பில் கட்டோடு வந்து வாசலை அடைத்து நின்றார்.

“அண்ணாச்சி, அதுல கை வைக்கப்பிடாது.”

“எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் வே.”

“கம்ப்யூட்டர் உங்களுது. ஊரு? புரோகிராமை எடுத்து, போனதெல்லாம் திரும்பி வந்துட்டா? நான் ரேஷன் கடைச் சுவத்தோட சேத்து ஒரு ரூம்பு இறக்கிட்டேன். நடுராத்திரி என் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல மனை வந்து விரியும். கீழத்தெருவுல அண்ணன் தம்பி ஒண்ணு சேந்திருக்கான், நடுவுல முடுக்கு வந்தா திருப்பியும் கோர்ட்டுக்குப் போவான். நீங்கதானே ஊர்க்கூட்டத்துல எழுதுனீக?”

உண்மை. குடம் போன மறுநாள் கூடிய ஊர்க்கூட்டத்தில், மேற்படி புரோகிராமை எக்காரணம் கொண்டும் எவரும் நிறுத்தலாகாது, காலியிடம் வைத்திருப்பவர் தாமே அதில் உரியதைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், தவறின் அவரே பொறுப்பு, எவருக்கும் விலக்கில்லை என்ற தீர்மானத்தை, நாற்பது வருஷப் பழக்கத்தில், ஒரு சந்து விடாமல் எழுதிக் கொடுத்தவர் பிரம்மநாயகமேதான். ‘எவருக்கும் விலக்கில்லை’ என்பதை அடிக்கோடிட்டவரும் அவர்தான்.

“போட்டு வச்சாப் போவாதுல்லா அண்ணாச்சி?” என்றார் பலவேசம், கொஞ்சம் இறங்கி. “ஊரே போட்டு வைக்கிது. உங்களுக்கு மட்டும் என்ன?”

பலவேசத்தின் கைவிரலில் ஒரு சாவி வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. “இது என்ன சாவி?” என்று பிரம்மநாயகம் கேட்டார். பலவேசம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியல. ஆணியில கெடந்துது. காது குடைய நல்லாருக்கு.”

அந்தச் சாவிதான் பிரம்மநாயகத்தின் கணக்கைக் கலைத்தது. அறை போனால் போகட்டும், மாடிப்படி சுவரில் முட்டி நிற்கட்டும் என்றுகூட அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு குடும்பமே இருந்து வாழ்ந்து சாவி கொடுத்துவிட்டுப் போன சங்கதி காது குடையும் கம்பியாகிப் போகும் என்பதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளி காலையில் கோமதி அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போனாள். மாதத்துக்கு ஒரு தடவை மகளின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வது அவள் வழக்கம். போன வேகத்தில் திரும்பி வந்தாள். தட்டில் தேங்காய் உடைக்காமல் இருந்தது, கற்பூரம் ஏற்றாமல் இருந்தது.

“என்ன ஆச்சு?”

“நட்சத்திரம் என்னன்னு கேட்டாக. வாயில வரல.” அவள் தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். “சரி, பேரைச் சொல்லுங்கன்னாக. அதுவும் வரல. யாருக்குங்க அர்ச்சனைன்னு போனேன்?”

பிரம்மநாயகம் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் துக்கம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார்; துக்கம் இல்லை; வாங்க வந்த சாமான் மறந்துபோய்க் கடை வாசலில் நிற்கிறவளின் சின்ன எரிச்சல்தான் இருந்தது. “மாடி ரூம்பை சும்மாத்தானே போட்டிருக்கோம், அதுல நெல்லு மூட்டையாவது அடுக்கலாம்ல” என்று சொல்லிக்கொண்டே அவள் அடுக்களைக்குள் போனாள். அவர் தன் மனதுக்குள் அவசரமாகக் கைவிட்டுத் தேடினார். மகளின் முகம் இருந்தது. பள்ளிக்கூடப் பை இருந்தது, பையின் நிறம் இல்லை. அவள் அவரை எப்படிக் கூப்பிடுவாள் என்பது, அந்தச் சொல், அந்த இழுப்பு, இருந்த இடத்தில் வழவழவென்று சுவர் இருந்தது.

உச்சிகாலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம்தான் இருந்தது. கூடத்தில் ஆட்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பலவேசம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஆவுடையம்மாள் தட்டில் ஓட்டையில்லாத வடை கொண்டுவந்திருந்தாள். வேலாயுதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புரோகிராம் தானாகக் கண் விழிப்பதைப் பார்த்து, “ஆரம்பிச்சிட்டு” என்றான். திரையில் ‘புதிய கோப்புறை’கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி மறைந்துகொண்டிருந்தன. பிரம்மநாயகம் அத்தனை பேர் நடுவிலும் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தி, மூன்றாவதில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டது.

“யாரு?”

“நாந்தான்.”

“நாந்தான்னா?”

சொல்ல வேண்டிய சொல் வர வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. “பிரம்மநாயகம்” என்றார். “வடமலைச்சேரியில இருந்து.”

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது, சிரிப்பாகவும் இருக்கலாம். “பேரூராட்சியில இருந்து பேசுற மாதிரி இருக்கு. என்ன விஷயம்? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“அம்மா நல்லாருக்கா. ஒரு சமாச்சாரம் கேக்கணும். அந்த… டிபன் கேரியர். இருக்கா?”

“எந்த டிபன் கேரியர்?”

“மூணடுக்கு.”

“அண்ணாச்சி, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு” என்றான் வேலாயுதம்.

“இருக்கு” என்றாள் மகள். “பரண்ல இருக்கு. நீங்க அனுப்பின மாதிரியே இருக்கு. கொண்டியக்கூட நான் கழட்டல. எதுக்கு, அதுவும் வேணுமா இப்ப?”

“அன்னிக்கு அதுல ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருக்கணும்.”

கூடத்தில் வடை மென்ற சத்தங்கள் நின்றன.

“மறந்துட்டீங்களா, வேணும்னு பண்ணீங்களா?” அவள் குரல் மெல்லியதாக, ரொம்ப நாளாகத் தயார் செய்து வைத்திருந்த கேள்வி போல, ஒரு மடிப்புக் கலையாமல் வந்தது.

அவர் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஊர் அதை நம்பியிருக்கும், அவளும் நம்பியதாக வைத்துக்கொண்டிருப்பாள். வேலாயுதம் திரும்பி அவரைப் பார்த்தான்.

“தெரியலம்மா” என்றார். “தேய்க்கும்போது ஞாபகம் இருந்துது. தொடைக்கும்போது ஞாபகம் இருந்துது. கொண்டி மாட்டும்போது சர்க்கரை டப்பா கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துது. எட்டி எடுக்கல. அது மறதியா என்னன்னு எனக்குத் தெரியல.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், இணைப்பு அறுந்திருந்தது.

“ரெண்டுதான் பாக்கி” என்றான் வேலாயுதம். பலவேசம் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காதபடி, “கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுடே அதை” என்றார். “சொன்னா கேக்குமா மாமா, நம்ம ஊரு ஆளா அது” என்றான் வேலாயுதம்.

கோயிலிலிருந்து ‘டொக்’ என்ற சத்தம் வந்தது. கோமதி அடுக்களை வாசலில் வந்து நின்று, இத்தனை பேர் ஏன் மூச்சுவிடாமல் இருக்கிறார்கள் என்பது போலப் பார்த்தாள். அப்போது போன் கையில் துடித்தது. ஒரு படம். வார்த்தை எதுவுமில்லை. வேலாயுதம் அதைப் பிடுங்கி, வயரைச் செருகி, கம்ப்யூட்டரில் இறக்கினான். மேலே கடைசிப் ‘புதிய கோப்புறை’ மறைந்தது. ‘மதிவதனி’ என்ற பெயர்மேல் புரோகிராம் வந்து நின்றது. “நீங்க போடுங்க, உங்க கையாலதான் நெறையணும்னு அக்கா குழாயடியில சொன்னாகள்ல” என்று வேலாயுதம் நாற்காலியிலிருந்து எழுந்தான். பிரம்மநாயகம் நின்றபடியே மவுசைப் பிடித்து, படத்தை இழுத்துக் கோப்புறைக்குள் விட்டார்.

டிபன் கேரியர் அடுக்குக் கலைந்து, மூன்று பாத்திரமும் ஒரு மேசைமேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. மூன்றும் காலி. தேய்த்தது தேய்த்தபடி பளபளவென்று, மூன்று வெறும் வட்டங்கள்.

“அண்ணாச்சி, காலிப் பாத்திரத்தோட போட்டோ காலியா, காலி இல்லையா?” என்று வேலாயுதம் கேட்டான். ஊரில் அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குப் படித்தவர் பிரம்மநாயகம் ஒருவர்தான்; அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். புரோகிராமும் அதைத்தான் யோசித்தது போலிருக்கிறது. பெயர்மேல் நின்றது, நகரவில்லை. கம்ப்யூட்டரின் உள்ளே காற்றாடி ஏறி இறங்கிச் சத்தம் போட்டது. பிரம்மநாயகம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையில் குனிந்தார். நடுப் பாத்திரத்தின் அடியில், அவரே தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்த எவர்சில்வரில், குனிந்து படமெடுத்தவளின் முகம் சின்னதாக, வளைந்து, கையில் போனோடு தெரிந்தது. மூக்கு சிவந்திருந்தது. அழுதால் அவளுக்கு முதலில் மூக்குதான் சிவக்கும்.

புரோகிராம் அந்தப் பெயரைத் தாண்டியது. அடுத்தது ‘யோகாசனம்’, அதை ஒரு வாயில் விழுங்கியது. அதோடு மூச்சு வாங்கி, அணைந்தது.

“சித்திரை” என்றாள் கோமதி, அடுக்களை வாசலில் நின்றபடி. “மதிக்கு சித்திரை நட்சத்திரம்லா? அதைப் போயி…” சொல்லிக்கொண்டே அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ஆவுடையம்மாள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

மாடியில் எவர்சில்வர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிரம்மநாயகம் படியேறினார். அறை நடுவில் டிபன் கேரியர் அடுக்கி, கொண்டி மாட்டி இருந்தது. தொட்டுப் பார்த்தார், நகர்த்திப் பார்த்தார், அது அங்கேயே இருக்கும் உத்தேசத்தில் இருந்தது. படியின் தலைப்பில் நின்று கீழே எட்டிக் குரல் கொடுத்தார்.

“கோமதி, சர்க்கரை டப்பா எங்க?”

டப்பாவைப் பலவேசமே இடுப்பு வலியோடு படியேறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்த கையில் சாவி வளையம் இருந்தது. அதை இப்போது அவர் காதுப் பக்கம் கொண்டுபோகாமல், மடியில் முடிந்துகொண்டு இறங்கினார். பிரம்மநாயகம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கொண்டியைக் கழற்றி, முதல் அடுக்கில் ஒரு சிட்டிகை போட்டார். போதாது போலிருந்தது. ஒரு கரண்டி போட்டார். இரண்டாம் அடுக்கில் கை நிறைய அள்ளிப் போட்டார். மூன்றாவதில் டப்பாவையே கவிழ்த்துத் தட்டினார். மூடி, அடுக்கி, கொண்டி மாட்டிவிட்டு, பேரூராட்சிக்குத் தபால் அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருப்பது போல, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

போன் அடித்தது.

“அப்பா.” அந்தச் சொல்லும் அந்த இழுப்பும் சுவர் இருந்த இடத்தில் வந்து நின்றன. “என்னப்பா இது, மேசைமேல கேரியர் தானா அடுக்கிக் கொண்டி மாட்டி நின்னுச்சு, திறந்ததும் மேசை பூரா கொட்டிருச்சு. இவ்வளவு சர்க்கரையா யாராவது போடுவாங்க? ஒரு சிட்டிகைதானே போடணும்?”